ஒரே காட்டுக்கு ஐந்து பெயர்கள்: பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் என்ன?

நீலகிரி மாவட்டத்தின் முதுமலையில் ஒரு தேக்கு மரத்தடியில் நிற்பவர், சட்டக் கணக்கில் ஒரே நேரத்தில் ஐந்து இடங்களில் நிற்கக்கூடும். ஆங்கிலேயர் காலத்தில் காப்புக்காடாக இருந்த நிலத்தின் ஒரு பகுதி 1940இல் சரணாலயமாயிற்று. தென்னிந்தியாவின் தொடக்ககால வனவிலங்குச் சரணாலயங்களில் அதுவும் ஒன்று. 1986இல் அந்த வட்டாரம் முழுவதும் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்துக்குள் வந்தது. 1990இல் சரணாலயத்தின் நடுப்பகுதி தேசியப் பூங்காவாகவும், 2007இல் முதுமலை புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன.

புதிதாகப் படிக்கத் தொடங்குபவருக்கு இப்பெயர்கள் ஒரே பொருளைத் திரும்பத் திரும்பச் சொல்வதாகத் தோன்றுவது இயல்பு. உண்மையில் ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கவலையிலிருந்து பிறந்தது. மரம் தீர்ந்துவிடும் என்ற கவலையில் ஒரு பெயர் வந்தது. வேட்டையாட விலங்கு மிஞ்சாது என்ற கவலையில் இன்னொன்று. ஓர் இனமே அழிந்துவிடும் என்ற அச்சத்தில் மற்றொன்று. எதைக் காப்பது, எதனிடமிருந்து காப்பது, யாருக்காகக் காப்பது என்ற கேள்விகளுக்கு அந்தந்தக் காலம் தந்த விடைகளை அறிந்துகொண்டால், இன்றைய வனச் சட்டங்கள் ஏன் இவ்வளவு சிக்கலாக இருக்கின்றன என்பதும் புரிந்துவிடும்.

சட்டத்துக்கு முன்பு

செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில் இருப்பது பெரிய காடு அன்று. ஏறக்குறைய 30 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு பாசன ஏரிதான். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்ததும், நீருக்குள்ளேயே நிற்கும் நீர்க்கடம்பு மரங்களிலும் கருவேல மரங்களிலும் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், வக்கா, அரிவாள்மூக்கன் எனப் பல இனப் பறவைகள் நெருக்கியடித்துக்கொண்டு கூடு கட்டுகின்றன. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் நேராக ஏரி நீரில் விழுகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் கலந்த அந்த நீர் மதகு வழியாக வயலுக்குப் பாய்கிறது. எருவுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பது ஊர்மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்ணால் கண்ட உண்மை.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் அப்பறவைகளைச் சுட்டபோது, ஊர்மக்கள் கலெக்டர் லயனல் பிளேசிடம் சென்று முறையிட்டனர். 1798இல் அவர் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கு அளித்துக் கவுல் என்னும் உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். 1858இல் அவ்வுரிமை மீண்டும் உறுதி செய்யப்பட்டது. இந்த ஏற்பாட்டின் வடிவத்தைச் சற்று உற்று நோக்க வேண்டும். ஏரியைச் சுற்றி வேலி இல்லை. மக்களை வெளியேற்றவும் இல்லை. சுடக்கூடாது, பறவைகளைக் கலைக்கக்கூடாது என்ற தடை இருந்தது. நீர் பாய்ச்சுவதும் பயிர் செய்வதும் வழக்கம்போல் நடந்தன. காவல் காத்தவர்களும் பயன் பெற்றவர்களும் ஒரே மக்களாக இருந்தனர்.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை என்பதை நாம் ஆண்டுதோறும் செய்தியில் படிக்கிறோம். இதையெல்லாம் வைத்துக்கொண்டு பழங்காலத்தில் எல்லோரும் இயற்கையைப் போற்றியே வாழ்ந்தனர் என்று முடிவு கட்டுவது மிகை. காட்டைத் திருத்திக் கழனியாக்கியதும் அதே மரபுதான். ஊர் தானாக முன்வந்து காத்த இடங்கள் பெரும்பாலும், காப்பதால் வரும் பயன் அருகில் தெரிந்த இடங்களாகவோ தெய்வத்துக்கென்று விடப்பட்ட கோயில்காடுகளாகவோ இருந்தன.

மரத்துக்காக ஒரு சட்டம்

அரசு காட்டைக் காக்க முனைந்த கதை வேறு வகையில் தொடங்குகிறது. 1853இல் பம்பாய்க்கும் தாணேவுக்கும் இடையே முதல் பயணிகள் ரயில் ஓடியது. ஒரு மைல் தண்டவாளத்துக்கு 1,760 முதல் 2,000 வரையிலான சிலீப்பர் கட்டைகள் வேண்டியிருந்தன. அவையும் சில ஆண்டுகளில் உளுத்துப்போய் மாற்றப்பட வேண்டியவை. தேக்கு, சால், தேவதாரு ஆகிய உறுதியான மரங்களே இதற்கு ஏற்றவை என்பதால், ஒப்பந்தக்காரர்கள் கண்ணில் பட்ட காடுகளை வெட்டிச் சாய்த்தனர். இந்த வேகத்தில் போனால் மரமே மிஞ்சாது என்று அஞ்சிய அரசு, 1864இல் வனத்துறையை உருவாக்கி, டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியரை அதன் முதல் தலைவராக நியமித்தது. ஆண்டுதோறும் காடு எவ்வளவு வளர்கிறதோ அவ்வளவு மட்டுமே வெட்டினால் காடு ஒருபோதும் தீராது என்பது அவர் கற்ற வனவியலின் அடிப்படை.

1865இல் முதல் வனச் சட்டமும், 1878இல் அதைவிடக் கடுமையான இரண்டாவது சட்டமும் வந்தன. காப்புக்காடு என்ற வகைக்கு விரிவான சட்ட வடிவம் கொடுத்தது இந்த 1878ஆம் ஆண்டுச் சட்டம். அது காடுகளை மூன்றாகப் பிரித்தது. காப்புக்காட்டில், வெளிப்படையாக அனுமதிக்கப்படாத எதுவும் தடைசெய்யப்பட்டதாகும். பாதுகாக்கப்பட்ட காட்டில் இதற்கு நேர்மாறாக, வெளிப்படையாகத் தடுக்கப்படாத எதையும் செய்யலாம். மூன்றாவது வகையான கிராமக் காடு ஏட்டில் இருந்த அளவுக்கு நிலத்தில் இருந்ததில்லை. பெயரை மட்டும் கேட்டால் முதல் இரண்டுக்கும் வேறுபாடு இல்லாததுபோல் இருக்கும்; ஆனால் ஒரு சுமை விறகை எடுத்துவரும் பெண்மணி குற்றவாளியா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது அந்த வேறுபாடே.

ஒரு நிலத்தைக் காப்புக்காடாக அறிவிக்கும் முன், அங்கு உரிமை கோருபவர்கள் மூன்று மாதத்துக்குக் குறையாத ஒரு கெடுவுக்குள் வன நிர்ணய அலுவலரிடம் கோரிக்கை வைக்க வேண்டும் என்று சட்டம் கூறியது. ஏட்டளவில் நியாயமாகத் தோன்றும் இவ்விதி, எழுத்தறியாத, கச்சேரி வாசலையே மிதித்திராத மலைவாழ் மக்களுக்கு என்ன பயன் தந்திருக்கும் என்று ஊகிப்பது கடினம் அன்று. இதை அக்காலத்திலேயே சிலர் உணர்ந்திருந்தனர். காடுகளில் கிராம மக்களுக்குத் தொன்றுதொட்ட அனுபோக உரிமை உண்டு என்று சென்னை மாகாண வருவாய் வாரியம் வாதிட்டது. 1878ஆம் ஆண்டுச் சட்டத்தை ஏற்காமல், சென்னை மாகாணம் 1882இல் தனக்கென ஒரு வனச் சட்டத்தை இயற்றிக்கொண்டது. எனினும் காப்புக்காடு என்ற ஏற்பாடு அதிலும் இடம்பெற்றது. தமிழ்நாட்டில் இன்றும் அந்த 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகவே காப்புக்காடுகள் அறிவிக்கப்படுகின்றன.

வேட்டைக்காரர்களின் பங்கு

வனச் சட்டம் காத்தது மரத்தை, விலங்கை அன்று. விலங்குகள் குறைவதை முதலில் உரக்கச் சொன்னவர்கள் வேட்டைக்காரர்கள் என்பது இந்த வரலாற்றின் வினோதங்களில் ஒன்று. நீலகிரியில் வரையாடும் கடமானும் அருகிவருவதைக் கண்ட ஆங்கிலேய வேட்டைப் பிரியர்கள் 1877இல் ஒரு சங்கம் அமைத்தனர். 1879இல் நீலகிரிக்கென்றே வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கும் சட்டம் வந்தது. வேட்டைப் பருவம் எது, உரிமம் யாருக்கு என்று வகுத்த அச்சட்டத்தின் நோக்கம், அடுத்த ஆண்டும் சுடுவதற்கு விலங்கு இருக்க வேண்டும் என்பதே. இருப்பினும் நோக்கத்தையும் விளைவையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மூணாற்றுத் தேயிலைத் தோட்டக்காரர்கள் தங்கள் வேட்டைக்கென்று விட்டுவைத்த புல்வெளிகளே பின்னர் இரவிகுளம் தேசியப் பூங்கா ஆயின. இன்று வரையாடுகள் மிகுதியாக வாழும் இடங்களில் அது முதன்மையானது.

தேசியப் பூங்கா என்ற கருத்து அமெரிக்காவிலிருந்து வந்தது. 1872இல் எல்லோஸ்டோன் அவ்வாறு அறிவிக்கப்பட்டது. மனிதர் குடியிராத இயற்கை என்று அது வருணிக்கப்பட்டாலும், ஷோஷோனி முதலிய பழங்குடியினர் அந்நிலத்தில் வாழ்ந்தும் வேட்டையாடியும் வந்தவர்கள்; பூங்கா உருவானபின் அவர்கள் விலக்கப்பட்டனர். கோடு போட்டு, உள்ளிருப்பவரை வெளியே அனுப்பி, பார்க்க வருபவரை மட்டும் உள்ளே விடும் இந்த முன்மாதிரி உலகெங்கும் பரவியது. இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா 1936இல் இமயமலை அடிவாரத்தில் ஹெய்லி என்ற பெயரில் அமைந்தது. இன்று அதைக் கார்பெட் என்று அறிகிறோம்.

1972ஆம் ஆண்டுச் சட்டம்

சுதந்திரத்துக்குப் பின்னும் வேட்டை நிற்கவில்லை. வெளிநாட்டுப் பணக்காரர்களை அழைத்துவந்து புலி வேட்டைக்குக் கூட்டிச் செல்லும் நிறுவனங்கள் 1960களில் செழித்திருந்தன. 1969இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பேரவை டெல்லியில் கூடியபோது புலியின் நிலை பெரும் கவலைக்குள்ளானது. அடுத்த ஆண்டே புலி வேட்டை தடைசெய்யப்பட்டது. 1972இல் காலடித் தடங்களை வைத்து நடந்த கணக்கெடுப்பில் 1,827 புலிகள் மட்டுமே இருப்பதாகத் தெரிந்தது. அதே ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1973 ஏப்ரல் 1 அன்று 9 காப்பகங்களுடன் புலிகள் பாதுகாப்புத் திட்டமும் வந்தன.

இன்று நாம் அறியும் பெயர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பொருள் தருவது இந்த 1972ஆம் ஆண்டுச் சட்டம். சரணாலயத்தில், முதன்மை வனவிலங்குக் காப்பாளர் அனுமதித்தால் ஆடுமாடு மேய்ச்சல் போன்ற சில உரிமைகள் தொடரலாம். தேசியப் பூங்காவில் மேய்ச்சல் அறவே கூடாது, தனியார் உரிமை எதுவும் எஞ்சியிருக்கக் கூடாது. புலிகள் காப்பகம் என்பது இவற்றின் மேல் போர்த்தப்படும் இன்னோர் அடுக்கு. அதில் புலிக்கென்று ஒதுக்கப்படும் உள்மண்டலமும், மக்கள் வாழ்வும் தொழிலும் தொடரும் வெளிமண்டலமும் உண்டு. உயிர்க்கோளக் காப்பகத்துக்கு இச்சட்டத்தில் இடமே இல்லை. அது யுனெஸ்கோ திட்டத்தை ஒட்டிய நிருவாக ஏற்பாடு. ஆகவே, உயிர்க்கோளக் காப்பகத்தில் வசிக்கிறோம் என்பதற்காக மட்டும் எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

எல்லை எங்கே போடப்படுகிறது என்பதும் பெரிய கேள்விதான். வேடந்தாங்கல் 1998இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபோது, ஏரியை மட்டுமல்லாமல் அதைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரத்துக்குள் அடங்கும் பகுதியையும், அதாவது பட்டா நிலங்களையும் ஊர்களையும் சேர்த்தே, எல்லையாகக் கொண்டனர். 30 ஹெக்டேர் ஏரிக்கு இவ்வளவு பெரிய எல்லை எதற்கு என்று கேட்கலாம். பறவைகள் ஏரியில் கூடுதான் கட்டுகின்றன. இரை தேடுவது சுற்றுவட்டார ஏரிகளிலும் நெல் வயல்களிலும். நத்தைகுத்தி நாரையின் குஞ்சுக்கு நத்தை எங்கோ ஒரு சேற்று வயலிலிருந்து வர வேண்டும். 2020இல் இந்த எல்லையை 3 கிலோமீட்டராகக் குறைக்க முன்மொழிவு வந்தபோது பரவலாக எதிர்ப்பு எழுந்து அது கைவிடப்பட்டதற்கும், 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏரி சேர்ந்ததற்கும் பின்னணியில் இருப்பது இந்த எளிய உணவுக் கணக்கு.

எருமைகள் வெளியேறிய பின்

கோடு போட்டு மக்களை வெளியேற்றினால் இயற்கை தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்ற நம்பிக்கையை மிகக் கடுமையாகச் சோதித்த இடம் ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ். 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தச் சதுப்பு நிலம் இயற்கையாக அமைந்தது அன்று. பள்ளமான நிலத்தில் கரை எழுப்பி, வாய்க்கால் வழியே நீரைத் தேக்கி, பரத்பூர் மன்னர்கள் வாத்து வேட்டைக்காக உருவாக்கியது. 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோ வந்திருந்த வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. அதைப் பெருமையோடு பொறித்த கல்வெட்டு இன்றும் பூங்காவுக்குள்ளேயே நிற்கிறது.

1956இல் பறவைகள் சரணாலயமாகி, 1980களின் தொடக்கத்தில் தேசியப் பூங்காவாக உயர்ந்தபோது, சட்டப்படி மேய்ச்சல் நிறுத்தப்பட வேண்டியதாயிற்று. சுற்றியுள்ள ஊர்களின் எருமைகள் தலைமுறைகளாக அந்நிலத்தில் மேய்ந்துவந்தவை. 1982 நவம்பரில் தடை நடைமுறைக்கு வந்ததும் ஊர்மக்கள் எதிர்த்துத் திரண்டனர்; போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தனர். எருமைகள் நீரைக் கலக்குவதும் செடிகளைத் தின்பதும் பறவைகளுக்குத் தீங்கு என்பதே அன்றைய அறிவியலாளர்களின் கருத்தாக இருந்தது. நாட்டின் தலைசிறந்த பறவையியலாளரான சாலிம் அலியும் மேய்ச்சல் தடையை ஆதரித்தவர்.

அடுத்த சில ஆண்டுகளில் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. மேய ஆளில்லாமல் போனதும், நீரில் பரவும் ஒருவகைப் புல் சதுப்பு முழுவதும் தடித்துப் படர்ந்தது. திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது, மீன்கள் குறைந்தன, நீரில் இறங்கி இரை தேடும் பறவைகளுக்கு இடமில்லாமல் போயிற்று. தடைக்கு முன்பே தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டு நீடித்த பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் ஆய்வு, எருமைகளின் மேய்ச்சலே அதுவரை அந்தப் புல்லை அடக்கிவைத்திருந்தது என்ற முடிவுக்கு வந்தது. மேய்ச்சல் பறவைக்குக் கேடு என்று சொன்ன தரப்பிலிருந்தே இந்த முடிவும் வந்தது. தன் கருத்துக்கு மாறான தரவை மறைக்காமல் அச்சிட்ட அந்தச் சங்கத்தைப் பாராட்டத்தான் வேண்டும். பிறகு ஊர்மக்கள் உள்ளே வந்து புல்லறுத்துச் செல்ல அனுமதி தரப்பட்டது.

இதிலிருந்து, மேய்ச்சல் எங்கும் நல்லது என்று பாடம் எடுப்பதும் தவறாகிவிடும். மேல்மலைச் சோலைகளில் மாடு மேய்ந்தால் கன்றுகள் தலையெடுக்கா. கேவலாதேவ் மனிதக் கையால் உருவாகி, மனிதர்களின் மாடுகளால் ஒரு வடிவத்தில் நிலைத்திருந்த சதுப்பு. அந்த உழைப்பை அகற்றியபோது வடிவம் கலைந்தது. அரசிதழில் அறிவிக்கையை வெளியிடுவதற்கு முன், அந்நிலத்தை இத்தனை காலம் இந்த நிலையில் வைத்திருந்தது எது என்று கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் கேவலாதேவ் காட்டும் நெறி.

காட்டுக்குள் வாழ்பவர்கள்

1970களின் பிற்பகுதியிலிருந்து காட்டுக்கு வந்த பெரிய அச்சுறுத்தல் கோடரியோ துப்பாக்கியோ அன்று. அணைகளும் சுரங்கங்களும் சாலைகளும்தான். கேரளத்தின் குந்திப்புழை ஆற்றில் நீர்மின் அணை கட்டும் திட்டத்தை எதிர்த்து எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் அறிவியலாளர்களும் பல ஆண்டுகள் போராடியதால், அந்த ஆறு ஓடும் அமைதிப் பள்ளத்தாக்கு 1984இல் தேசியப் பூங்காவாயிற்று. காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும் என்ற வனப் பாதுகாப்புச் சட்டம் 1980இல் வந்தது. கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம், காடு என்பதற்கு அகராதிப் பொருளே கொள்ளப்பட வேண்டும் என்றும், உரிமையாளர் யாராயினும் அச்சட்டம் பொருந்தும் என்றும் ஆணையிட்டது. கூடலூர்ப் பகுதியில் மரம் வெட்டுவது பற்றிய முறையீடாகத் தொடங்கிய அவ்வழக்கு, நாடு முழுவதன் வன நிருவாகத்தையும் பல ஆண்டுகள் நீதிமன்றத்தின் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தது.

இத்தனை சட்டங்களிலும் விடுபட்டவர்கள், 1878ஆம் ஆண்டுக் கெடுவுக்குள் கோரிக்கை வைக்க முடியாமற்போனவர்களின் பேரப்பிள்ளைகள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்களைப் பற்றியது. காட்டில் குடியிருந்து பயிரிட்ட நிலத்துக்குப் பட்டா கோரும் உரிமையோடு, தேன், நெல்லி, பாசி முதலியவற்றைச் சேகரிக்கும் உரிமையும், காட்டைக் காக்கவும் நிருவகிக்கவும் கிராம சபைக்குள்ள உரிமையும் இதில் உண்டு. இச்சட்டத்தால் காடு துண்டாடப்படும் என்று அஞ்சிய இயற்கை ஆர்வலர்கள் பலர். அச்சத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். எனினும் சட்டம் தருவது புதிய நிலம் அன்று, 2005 டிசம்பர் 13க்கு முன்பே அனுபவத்தில் இருந்த நிலத்துக்கு ஏற்பு என்பதை அந்த விவாதங்களில் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

சத்தியமங்கலம் காடுகளை அடுத்து, கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் பிலிகிரி ரங்கசாமி மலை இருக்கிறது. அங்கு வாழும் சோளகர்கள், 2011இல் அம்மலை புலிகள் காப்பகமான அதே ஆண்டில், வன உரிமைச் சட்டத்தின் கீழ்த் தங்கள் சமூக உரிமைக்கு ஏற்பும் பெற்றனர். புலிகள் காப்பகத்துக்குள் அத்தகைய ஏற்பு கிடைத்தது நாட்டில் அதுவே முதல் முறை. அவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் செய்தி ஒன்று உண்டு. கோடையின் தொடக்கத்தில், சருகு மட்டும் எரிந்து அடங்கும் சிறு தீயை அவர்கள் மூட்டுவது வழக்கம். அதைத் தடைசெய்த பிறகுதான் உண்ணிச்செடி (லான்டானா) காட்டை மூடியது என்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச்செடியாகக் கொல்கத்தாவின் தாவரவியல் தோட்டத்துக்கு வந்த உண்ணிச்செடி, இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் இலையுதிர் காடுகளில் ஆளுயரப் புதராக மண்டி, மானும் காட்டெருதும் மேயும் புல்லைத் தலையெடுக்க விடுவதில்லை.

அதை அகற்றுவதற்கு வெட்டினால் போதாது. வெட்டிய இடத்திலிருந்து மீண்டும் துளிர்க்கும். தரைக்குச் சில சென்டிமீட்டர் கீழே ஆணிவேரைத் துண்டித்து, செடியை வேரோடு தூக்கித் தலைகீழாக வைத்துக் காயவிட வேண்டும். மண்ணில் கிடக்கும் விதையிலிருந்தும் பறவைகள் கொண்டுவந்து போடும் விதையிலிருந்தும் முளைப்பவற்றை அடுத்தடுத்த மழைக்காலங்களில் பிடுங்க வேண்டும். காலியான இடத்தில் அந்தக் காட்டுக்குரிய புல்லை விதைக்க வேண்டும். வனத்துறையிடம் இதற்கு நிதியும் திட்டமும் உண்டு. ஆண்டு தவறாமல் அந்த மலைச்சரிவில் நடந்து, முளைத்ததைப் பார்த்தவுடன் பிடுங்கும் கைகள் பெரும்பாலும் காட்டுக்குள்ளும் காட்டோரத்திலும் வாழும் மக்களுடையவை.